ஊர் கேட்காத காதல்

போடியில் காதலிப்பது என்றால் சும்மா இல்லை. பஸ் ஸ்டாண்டில் நின்றால் மாமா வருவார், ஜூஸ் கடைக்குப் போனால் சித்தி வருவாள், எதுவும் வேண்டாமென்று ஏடிஎம்முக்குள் புகுந்தால் அங்கே ஏசி காற்று வாங்கிக்கொண்டு பெரியப்பா நிற்பார். அதனால் ராம்பிரசாத் போனில் காதல் தேடினான். சொட்டுநீர்க் குழாய் விற்கிற கம்பெனியில் வேலை, பக்கத்தில் சிலமலையில் அப்பா அம்மாவோடு வீடு, முப்பதை எட்டிப்பார்க்கிற வயசு. டேட்டிங் ஆப்பில் பேசக் கிடைத்த பெண்கள் எல்லாரும் மூன்றாவது வரியிலேயே கேட்டார்கள்: "நீங்க என்ன ஆளுக?" சாதியைச் சொல், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று அர்த்தம்.

பவித்ரா மட்டும் கேட்கவில்லை. மலைக்கு மேலே, கேரளப் பக்கம் பூப்பாறையில், ரத்தப் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை பார்க்கிறவள். பேச ஆரம்பித்த அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டாள். "ஊரு, ஆளுக, அப்பா பேரு, ஒண்ணும் கேக்கக் கூடாது. நானும் கேக்க மாட்டேன். கேட்டா பிளாக்." ராம்பிரசாத்துக்கு அந்த இடத்திலேயே காதல் வந்துவிட்டது.

சந்திப்பதற்கு இருவருக்கும் நடுவில் போடிமெட்டு இருந்தது. அவன் கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கை முறுக்கிக்கொண்டு ஏறுவான், அவள் ஜீப்பில் வந்து இறங்குவாள். முதல் நாள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு வாய் குடிப்பதற்குள் எஸ்டேட் ஜீப் ஒன்று வந்து நின்றது. உள்ளே அவன் தெருக்காரி மாயக்காள்.

"என்னப்பு, இங்கன என்ன சோலி?"

"கடைக்குப் பின்னாடி குழாய் போடணுமாம்த்தே. அளவெடுக்க வந்தேன்."

ஜீப் போய்விட்டது. ஆனால் டீக்கடைக்காரர் காதில் விழுந்துவிட்டது. "எப்ப தம்பி போடுறீக?" என்று கேட்டவர் விடவில்லை. கடைக்குப் பின்னாலிருந்த நாலு வாழைக்கு அடுத்த வாரம் ராம்பிரசாத் தன் சொந்தச் செலவில் குழாய் போட்டுக்கொடுத்தான். அவன் மண்ணில் முட்டிபோட்டுக் குழாய் பதிப்பதைப் பார்த்துப் பவித்ரா சிரித்த சிரிப்பில் சாயா மூக்கில் ஏறிவிட்டது. அந்தச் சிரிப்புக்காகப் போடிமெட்டு முழுக்கக் குழாய் போடலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

ஒரு வருசம் இப்படிப் போனது. இருவருக்கும் ஒரு விசயத்தில் மட்டும் சந்தேகமே இல்லை: எதிரில் இருக்கிறது வேற ஆளுக. நம் ராசிக்கு வேறு எப்படி அமையும்? அதனால் இருவரும் மும்முரமாகச் சண்டைக்குத் தயாரானார்கள். "சாதியெல்லாம் எந்தக் காலத்துலப்பா?" என்று ராம்பிரசாத் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினான். பதிவுக் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூட்டாளி பொன்னுமணியிடம் சத்தியம் வாங்கி வைத்தான். பவித்ரா ஒரு வக்கீலையே பார்த்துவிட்டு வந்தாள்.

"எங்கப்பா அருவாளைத் தூக்குவாரு, பரவால்லையா?" என்றாள்.

"எங்கப்பாவுக்கு முதுகுவலி. தூக்கணும்னா நான்தான் எடுத்துக் கொடுக்கணும்."

மாசி சிவராத்திரி முடிந்ததும் அவரவர் வீட்டில் சொல்லிவிடுவது என்று முடிவானது. சிவராத்திரிக்கு மறுநாள் அப்பா எங்கேயோ சாமி கும்பிடக் கூட்டிப் போகிறார், போன் எடுக்க மாட்டேன் என்றாள் பவித்ரா. எனக்கும் கோயில்தான் என்றான் இவன். எந்தக் கோயில் என்று அவளும் கேட்கவில்லை, இவனும் கேட்கவில்லை. சட்டம் சட்டம்தானே.

இவன் குலசாமி கோயில் ராசிங்காபுரத்துக்கு மேற்கே, தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. அந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் அத்தனை பேரும் பங்காளிகள், ஒரே ரத்தம். அங்கே பிறந்த பெண்கள் அங்கே பிறந்த பையன்களுக்கு அக்கா, தங்கச்சி. அதை மீறிக் கல்யாணம் பண்ணுவதைத் தப்பு என்று சொல்லக்கூட யாருக்கும் வாய் வந்ததில்லை, அப்படி ஒன்றை யாரும் நினைத்ததே இல்லை.

கெடா வெட்டி முடிந்து அடுப்பில் கறி கொதிக்கும்போது கேரள நம்பர் போட்ட ஜீப் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் ஒச்சப்பன். முதல் திருநீறு யாருக்கு என்ற சண்டையில், ராம்பிரசாத் கைப்பிள்ளையாக இருந்தபோதே கோபித்துக்கொண்டு மலையேறியவர். இத்தனை வருசம் கழித்து, ராம்பிரசாத்தின் அப்பா சின்னச்சாமிதான் எஸ்டேட் வரைக்கும் போய்க் கையைப் பிடித்து அழைத்திருந்தார். இரண்டு பெரிய மனுசர்களும் கட்டிக்கொண்டு ஊர் பார்க்க அழுதார்கள். அவருக்குப் பின்னால், பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூவோடு பவித்ரா இறங்கினாள்.

அவனுக்கு முதலில் வந்தது சந்தோசம். கிறுக்குப் பயல். அட, ஒரே ஆளுகதானா, அருவாளும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம் என்று நெஞ்சு துள்ளியது. பிறகுதான் அவள் எந்த வாசலில் வந்து நிற்கிறாள் என்பது உறைத்தது. கையிலிருந்த தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்தான்.

"ராமு, இங்க வா. உஞ் சித்தப்பாடா இது," என்றார் சின்னச்சாமி.

ஒச்சப்பன் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் இன்னும் காயவில்லை. "எனக்கு ஆம்பளப் பிள்ளை இல்லப்பு. எங்களுக்குப் பின்னாடி எம் மகளுக்கு யாரு இருக்கான்னு தூங்காம கெடப்பேன். இனிமே அண்ணன் நீ இருக்க."

பவித்ரா அவனைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "அப்பா," என்றாள். குரல் உடைந்தது. "அப்பா, இவரு..."

சுற்றிலும் பங்காளிகள், எதிரே சாமி. அவள் தடுமாறுகிறாள், வாய் தவறி ஏதோ உளறப் போகிறாள், இந்த மனுசன் இங்கேயே செத்துப் போவார் என்று ராம்பிரசாத் பதறினான். அவளைக் காப்பாற்றத்தான் நினைத்தான். முந்திக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"நல்லா இருக்கியா, தங்கச்சி?"

கூட்டமே மனசு குளிர்ந்துபோனது. பவித்ரா வாயை மூடிக்கொண்டாள். கறிச்சோறு போட்டபோது அவள் பந்தியில் இல்லை.

மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். போடிமெட்டில் மஞ்சுமூட்டம் இறங்கியிருந்தது. டீ சொல்லவில்லை, உட்காரவுமில்லை.

"நான் வேற ஆளா இருந்திருந்தா எங்கப்பா முன்னாடி நின்னு பேசியிருப்பியா?"

"பேசியிருப்பேன் பவி. வெட்டினாலும் பேசியிருப்பேன். ஆனா அவரு என் கையைப் பிடிச்சு அழுதாரே..."

"உனக்கு வெட்டுற ஆளைத்தான் எதிர்க்கத் தெரியும்." அவள் கண்ணைத் துடைக்கவில்லை, ஒழுகவிட்டாள். "நான் தடுமாறினேன்னு நெனச்சியா? இவரைத்தான்ப்பா கட்டிக்கப் போறேன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். சாமி முன்னாடியே சொல்லிரணும்னு வாயெடுத்தேன்."

அவன் பைக் சாவியை எடுத்தான். "இப்ப போய்ச் சொல்லலாம், வா. நான் சொல்றேன்," என்றான்.

"ஊரு வச்ச முறையை நான் காலுல போட்டு மிதிச்சிருப்பேன். இது ஊரு வச்சது இல்லையே, நீ வச்சது. உன் வாயால கேட்டுட்டேன். இனி நீ எம் பக்கத்துல வந்தா எனக்கே கூசுது." தேம்பித் தேம்பி அழுதாள். அவன் கையை நீட்டினான், பாதியில் நிறுத்திக்கொண்டான். தொடலாமா கூடாதா என்று அவனுக்கே தெரியவில்லை.

எஸ்டேட் ஜீப் வந்தது. அவள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு ஏறினாள். பெண்கள் நெருக்கி இடம் விட்டார்கள். ஒருத்தி இவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாரும்மா அது, இப்படி நிக்குது?" என்று கேட்டாள்.

பவித்ரா திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்கண்ணன்," என்றாள்.