கண்ணாடிக் குழாயில் நாற்பது நாள்

முடிதிருத்துபவருக்குக் கணுக்காலுக்கு மேலே புண் வந்து இரண்டு வருடமாகிறது. நாளெல்லாம் நின்று செய்கிற தொழில், போதாததற்குச் சர்க்கரை. புண்ணை மனைவிக்குக்கூடக் காட்டியதில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே கட்டு மாற்றுவார். வாடை வரத் தொடங்கியதும், வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்குமுன் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வீட்டோடு முடங்கினார்.

மருத்துவர் கடைசியில் ஒரு வழி சொன்னார். அழுத்தம் கூட்டிய குழாய்க்குள் படுத்துச் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வேண்டும். ரத்தம் சரியாகப் போகாத இடத்துக்கும் அது போய்ச் சேருமாம். தினம் ஒன்றரை மணி நேரம், நாற்பது நாள்.

சுத்த ஆக்சிஜனில் சட்டென்று தீப்பிடிக்கும் என்று பயந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல்லி, பருத்தி உடை கொடுத்து, தலையில் எண்ணெய் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார்கள். ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். கதவு மூடி அழுத்தம் ஏறியதும் காது அடைத்தது. மூச்சும் அடைப்பதுபோல் இருந்தது. கண்ணாடியைப் படபடவென்று தட்டினார். இயக்குகிற பெண் நிதானமாக அழுத்தத்தை இறக்கி அவரை வெளியே எடுத்தாள்.

"எனக்கு இது சரிப்பட்டு வராதும்மா. கால் போனாலும் போகட்டும்."

அவள் வற்புறுத்தவில்லை. வந்ததற்குக் கட்டாவது மாற்றிக்கொண்டு போங்கள் என்று பிரிக்கத் தொடங்கினாள். அதற்குள் வெளியே காத்திருந்த மனைவி, என்னவோ ஏதோவென்று உள்ளே வந்துவிட்டாள். மறைக்க நேரமில்லை. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மனைவி குனிந்து புண்ணை வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவுதானா? இதைவிட மோசமா நெனச்சு நெனச்சு ரெண்டு வருஷமா எனக்குத் தூக்கமில்ல."

அவள் அந்தப் பெண்ணிடம், "குழாய் பக்கத்துல எனக்கு ஒரு நாற்காலி போடும்மா. என் மூஞ்சியப் பாத்துட்டுப் படுத்தா, வேற எதுக்கும் பயப்பட மாட்டாரு" என்றாள்.

மறுநாள் அழுத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றினார்கள். வெளியே அவள் எச்சில் விழுங்கிக் காட்ட, உள்ளே அவரும் விழுங்கினார்; காது திறந்தது. போகப்போக வீட்டுச் சண்டையைக்கூடக் கைஜாடையிலேயே போட்டுக்கொண்டார்கள். இருபதாம் நாள் புண்ணில் சிவப்பாகப் புதுச்சதை தெரிந்தது. நாற்பதாம் நாள் நகக்கண் அளவு மிச்சம். அதற்கு வீட்டில் அவளே கட்டுப் போட்டாள், கதவைத் திறந்துவைத்து. மேலும் இரண்டு மாதத்தில் மூடிக்கொண்டது.

அதன்பின் தினம் அரைநாள் மட்டும் கடைக்குப் போனார், உயரமான நாற்காலியில் உட்கார்ந்தே வெட்டினார். உட்கார்ந்து வெட்டினால் காதோரம் கோணல் விழும் என்று தம்பி கிண்டல் செய்தான். விழத்தான் செய்தது. வந்தவர்கள் யாரும் குறை சொல்லவில்லை.