கெல்வினின் மூன்றாவது பம்ப்

என் கொழுந்தன் கெல்வினுக்கு எல்லாம் தெரியும். மாட்டுக்குப் பிரசவம் பார்க்கத் தெரியும், பிரதமருக்குப் புத்தி சொல்லத் தெரியும், என் லாரியைக் கொல்லவும் தெரியும்.

லாரி எழுபத்து நான்காம் வருடத்துப் பெட்ஃபோர்டு. கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் வண்டி. முதுகில் ஒரு தண்ணீர்த் தொட்டி, சுருட்டிய குழாய். அறுவடை நேரத்தில் வயலில் தீப்பிடித்தால் அணைக்க அதுதான் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் தீயணைக்கும் வண்டி எஞ்சின் ஓடியபடி வயலோரம் நிற்காவிட்டால், எவனும் அறுவடை எந்திரத்தின் கத்தியை இறக்கமாட்டான். காய்ந்த கதிரில் ஒரு பொறி விழுந்தால் மூன்று பண்ணை சாம்பலாகிவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் கடைசி நூறு ஏக்கர் பார்லி அறுப்புக்கு நின்றது. சாயங்காலம் இடியோடு மழை என்று ரேடியோ சொல்லிவிட்டது. நனைந்தால் கதிரிலேயே முளைவிட்டு, பீருக்குப் போகவேண்டிய பார்லி ஆட்டுத் தீவனமாகிவிடும். ஒரு வருட உழைப்பு. கூலிக்கு அறுக்கும் டேமியன் காலையிலேயே எந்திரத்தோடு வந்துவிட்டான். வந்ததும் கறாராகச் சொன்னான்.

“லாரி ஓடினா நான் அறுக்குறேன். லாரி நின்னா நானும் நிப்பேன். கோவிச்சுக்காதீங்க கிளெனிஸ்.”

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? என் கோபம் முழுவதும் ஏற்கனவே கெல்வினுக்குப் போய்க்கொண்டிருந்தது.

எஞ்சினோடு ஒட்டியிருந்த பழைய பெட்ரோல் பம்ப் போன மாதம் உயிரை விட்டது. “கரண்டு பம்ப் மாட்டிடலாம், அப்புறம் ஆயுசுக்கும் தொல்லையில்ல” என்றான் கெல்வின். மாட்டினான். எங்கே? எஞ்சினுக்குப் பக்கத்தில், மேலே, அடுப்புச் சூட்டில். இந்தப் பம்ப் பெட்ரோலைத் தள்ளும், தூரத்திலிருந்து இழுக்காது, டேங்குக்குப் பக்கத்தில் தாழ்வாக வை என்று டப்பாவிலேயே படம் போட்டிருந்தது. நம் மேதாவி படிப்பானா? இரண்டே நாளில் கருகிப்போனது. “பம்ப் சரியில்ல” என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

இரண்டாவது பம்பை நான் தலைமேல் நின்று சரியான இடத்தில் மாட்டவைத்தேன். எர்த் கம்பியைப் பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்தான், சுரண்டிவிட்டு நான் முடுக்கினேன். பம்புக்குக் கரண்டு வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன், பன்னிரண்டு வோல்ட் வந்தது. கார்புரேட்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றிப் பாட்டிலில் விட்டேன், ஒரு நிமிடத்தில் நிரம்பியது. எல்லாம் கச்சிதம். ஆனால் வயலுக்குப் போன கால்மணி நேரத்தில் இருமி இருமி நின்றுவிடும். ஷெட்டுக்கு இழுத்து வந்து பார்த்தால் மறுபடி கச்சிதம்.

ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் கெல்வின் டேங்க் மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டு ஆட்டி, “பெட்ரோல் இருக்கு” என்று அறிவிப்பான். ஏதோ எண்ணெய்க் கிணற்றையே கண்டுபிடித்த மாதிரி. சோதனை முடியும்வரை மூடி அவன் தொப்பிக்குள் கிடக்கும்.

செவ்வாய்க்கிழமையும் அதே கூத்துதான். பத்து மணிக்கு டேமியன் கத்தியை இறக்கினான். பத்தேகாலுக்கு லாரி செத்தது. டேமியன் எந்திரத்தை அணைத்துவிட்டு, இறங்கி, சாண்ட்விச்சைப் பிரித்தான்.

கெல்வின் கையில் புது டப்பாவோடு வந்தான்.

“லாக்ஸ்டன் கடையில ரெண்டா வாங்கிட்டேன். எனக்கு அப்பவே தெரியும்.”

“என்ன தெரியும்?”

“பம்ப் போயிடும்னு.”

“பம்ப் போகலடா. கத்திட்டுதான இருக்கு, கேக்கலயா?”

“கத்துறதெல்லாம் வேலை செய்யுதுன்னு அர்த்தமா? நீயுந்தான் காலைலேர்ந்து கத்துற.”

டேமியனுக்குப் புரையேறியது. கெல்வின் இடுக்கியோடு லாரிக்கு அடியில் ஊர்ந்தான்.

“முதல்ல பெட்ரோலப் பாரு” என்றேன்.

“காலைலயே பாத்தாச்சு.”

சரி, நானே பார்க்கிறேன் என்று மூடியைத் திருகினேன். உஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு மூச்சு. டேங்கின் ஒடுங்கியிருந்த பக்கவாட்டுத் தகடு டொங்கென்று வெளியே துள்ளியது.

அட! பெட்ரோல் வெளியே போகப்போக உள்ளே காற்று வர வேண்டாமா? வரவில்லை. டேங்க் தன்னையே உறிஞ்சிக்கொண்டிருந்தது. எந்தப் பம்பால் இழுக்க முடியும்? ஷெட்டில் மூடி திறந்தே கிடந்ததால் எல்லாம் கச்சிதம்.

“கெல்வின்! எதையும் வெட்டாத!”

“வெட்டிட்டேன்” என்றது அடியிலிருந்து குரல்.

டேங்க் மேலே காற்று போக ஒரு சின்னக் குழாய் உண்டு. விரலால் தடவினேன், வாய் கெட்டியாக அடைத்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன்.

“எந்த மடையன் இத அடைச்சான்? இவனையெல்லாம் வண்டிப் பக்கமே விடக்கூடாது!” என்று டேமியனுக்கும் கேட்கும்படி கத்தினேன். கெல்வினின் வேலைதான், சந்தேகமே இல்லை.

கையில் வந்தது பாத்திரம் தேய்க்கும் இரும்புநார் உருண்டை. மேலே சிலிகான் பசை. சுற்றிலும் பழுப்பு நிறக் காலுறைத் துண்டு, இரட்டை முடிச்சு.

நுணலும் தன் வாயால் கெடும். எலிகள் படையெடுத்த வருடம், ஒயரையும் சீட்டையும் கடித்துக் குதறியபோது, ஒரு வாரம் வெறிபிடித்தவளாக இந்தப் பண்ணையின் ஓட்டை அத்தனையையும் என் பழைய காலுறைகளால் அடைத்தவள் நான்தான். அப்போது உயிரோடிருந்த என் கணவர், “என் மூக்கை மட்டும் விட்டுடு” என்றார். இத்தனை வருடம் மூடியின் தேய்ந்த ரப்பர் வழியே காற்று போயிருக்கிறது, போன மாதம் புது ரப்பர் போட்டு இறுக்கியதும் நான்தான்.

முகம் சுட்டது. கெல்வினிடம் முப்பது வருடத்தில் ஒரு தப்பைக்கூட ஒப்புக்கொண்டவளில்லை நான். ஆனால் மறைத்து வாழவும் எனக்கு வராது.

அவன் மூன்றாவது பம்பை மாட்டிவிட்டு வெளியே ஊர்ந்து வந்தான். “பம்ப் மேல தப்பில்ல” என்றேன். “என் தப்புதான். காத்துக் குழாய நான்தான் எலிக்காக அடைச்சேன். இப்பதான் எடுத்தேன்.”

உருண்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வயிறு குலுங்கச் சிரித்தான்.

“இத்துனூண்டு ஓட்டை ஒரு லாரிய நிறுத்துமா? போ கிளெனிஸ், நிழல்ல உக்காரு.”

லாரி கிளம்பியது. ஒரு மணி நேரம் ஓடியது, மூன்று மணி நேரம் ஓடியது. எதிர்ப்பட்ட ஒவ்வொரு முறையும் கெல்வின் மூன்று விரலைக் காட்டினான்.

“மூணாவது பம்ப். சொன்னேன்ல?”

“ஓட்டையத் திறந்தேன்டா, அதான் ஓடுது!”

“வெயில் தலைக்கேறிடுச்சு உனக்கு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உருண்டையை எடுத்துக்கொண்டு நேரே டேங்கிடம் போனேன். அடைத்தால் போதும். கால்மணி நேரத்தில் லாரி சாகும், அவன் வாயும் சாகும். குழாய் வாயில் வைத்து அழுத்தப்போனேன்.

வரப்போரம் திரும்பிய டேமியன் எந்திரத்தை நிறுத்தி ஜன்னலில் தலையை நீட்டினான்.

“என்ன பண்றீங்க? லாரி நின்னா நானும் நிப்பேன், நெனப்பிருக்கட்டும்!”

மேற்கே வானம் கறுத்திருந்தது. இன்னும் நாற்பது ஏக்கர் நின்றது. கெல்வின் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கையைக் கீழே இறக்கினேன்.

“நல்ல பம்ப் கெல்வின்” என்றேன். “நீ சொன்னது சரிதான்.”

டேமியன் மறுபடி கத்தியை இறக்கினான்.