முன்கண்ணாடியில் வைத்த எலுமிச்சை

வத்தல்மலையிலிருந்து இறங்கும் சாலையில் வளைவுக்கு வளைவு பாடிக்கொண்டு வந்த அன்பு, ஓரிடத்தில் சட்டென்று பாட்டை நிறுத்தினான். பின்னிருக்கையில் மாமியாரோடு உட்கார்ந்திருந்த கலைமதிக்கு முதலில் உறைத்தது அந்த மௌனந்தான். நிமிர்ந்து பார்த்தாள். அவனுடைய வலது தோள் முன்னுக்குப் போய்ப் போய் வந்தது. வேன் மட்டும் வேகம் குறைவதாக இல்லை.

"என்னங்க?"

"பிரேக்கு பாதிக்கு மேல எறங்க மாட்டேங்குது. அம்மாவ கெட்டியாப் புடிச்சுக்க."

காதுகுத்துக்கு வந்தவர்களை மலைமேல் இறக்கிவிட்டு, வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மலையைப் பார்க்கும் ஆசையில் மாமியாரும் மருமகளும் உடன் வந்திருந்தார்கள். ஆசைப்பட்ட மலை இப்போது ஒருபுறம் சுவராகவும் மறுபுறம் பாதாளமாகவும் ஓடிக்கொண்டிருந்தது. அன்பு கியரைப் படிப்படியாக இறக்கினான், எஞ்சின் அலறியது. கைப்பிரேக்கை இழுத்தான், பின்சக்கரங்கள் தீய்ந்து நாறின. அடுத்த வளைவில் தடுப்புச்சுவர் இடிந்து கிடப்பது தெரிந்ததும், எதிரே வண்டி வரவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டு, ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தான். மண்மேட்டை உரசி, உண்ணிச்செடிப் புதரை உழுது, சாலையோர வடிகாலில் ஒரு சக்கரம் இறங்க, வேன் சாய்ந்து நின்றது.

உடைந்தது ஒரு விளக்கு. நெளிந்தது ஒரு கதவு. மூன்று பேருக்கும் சிராய்ப்புதான். ஆனால் பக்கத்துச் சிறுபாலத்தின் கட்டையில் போய் உட்கார்ந்த அன்புவின் வலதுகால் நிற்காமல் உதறிக்கொண்டிருந்தது. அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, வேறு யாருடைய காலையோ பார்ப்பவனைப் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமியார் காவேரி சாலையிலேயே மண்டியிட்டுக் கைகூப்பினாள். "முனியப்பா, நான் வெச்ச பழம் வீண் போவல. அன்னைக்கு மறந்தேன், அவரக் கொண்டுக்கிட்டுப் போயிட்ட. இன்னைக்கு மறக்கல, எம்புள்ளையக் குடுத்துட்ட!"

அவள் கணவர் மாயவன் லாரி ஓட்டியவர். தொப்பூர் இறக்கத்தில் அவர் இறந்த நாளின் காலையில், ஏதோ வேலையில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க அவள் மறந்திருந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுச் சைக்கிள்கூடப் பழம் நசுக்காமல் வாசல் தாண்டியதில்லை. வேன் வந்ததும் சக்கரங்களுக்கு வைப்பதோடு, குங்குமம் தடவிய ஒரு பழத்தை முன்கண்ணாடி ஓரத்திலும் வைக்கத் தொடங்கினாள்.

அன்புவுக்குத் தண்ணீர் எடுக்க வேனுக்குள் தலையை நுழைத்த கலைமதி, ஓட்டுநரின் கால்வைக்கும் இடத்தில் அந்தப் பழத்தைக் கண்டாள். காலையில் கல்லுப் போலிருந்த காய்ப்பழம். இப்போது ஒரு பக்கம் சப்பையாகிக் கிடந்தது. எடுத்துத் திருப்பினாள். பிரேக் பெடலின் அடிப்பக்க வரிகள் அதன் தோலில் அச்சாகப் பதிந்திருந்தன.

வளைவில் உருண்டிருக்கிறது. பெடலுக்கு அடியில் போய் மாட்டியிருக்கிறது. அவன் மிதிக்க மிதிக்க அது தடுத்திருக்கிறது.

வெளியே மாமியாரின் கூப்பிய கைகள் இன்னும் இறங்கவில்லை. கலைமதி பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, தண்ணீர்ப் பாட்டிலோடு இறங்கினாள்.

அதியமான்கோட்டையில் பட்டறை வைத்திருக்கும் நூர் பாஷா வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தார். "பிரேக்குல ஒரு கொறையும் இல்ல அன்பு. ஊசி முனையில நிக்குது வண்டி" என்று சந்தோஷமாகத்தான் சொன்னார்.

"அப்ப கொறை என் கால்லதான் பாய்."

"டேய், அப்படியா சொன்னேன்? பயத்துல யாருக்கும் கால் தடுமாறும்டா."

"எனக்குத் தடுமாறுச்சுன்னா எவனாவது குடும்பத்தோட ஏறுவானா?"

அன்று சாவியை ஆணியில் மாட்டியவன் மறுபடி எடுக்கவில்லை. சோறு தின்னும்போதுகூட அவனுடைய வலதுகால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. காவேரியோ வருவோர் போவோரிடமெல்லாம் பழத்தின் மகிமையைச் சொன்னாள். தெருவில் இரண்டு ஆட்டோக்களின் முகப்பில் புதிதாக எலுமிச்சை முளைத்தது. உப்பு ஜாடிக்குப் பின்னால் ஒளித்த பழம் காய்ந்து சுருங்க, கலைமதியும் அதனோடு சேர்ந்து சுருங்கினாள். சொன்னால் கணவனுக்குக் கால் திரும்பக் கிடைக்கும். மாமியாருக்கு மிச்சமிருக்கும் ஒரே பிடிமானம் போய்விடும். ஒருத்தியின் நம்பிக்கையை எடுத்து இன்னொருவனுக்கு ஊன்றுகோலாகக் கொடுப்பது நியாயமா? விடை தெரியாமல் அவள் வெங்காயம் நறுக்கினாள். கண்ணீருக்குக் காரணம் சொல்ல வேண்டியிராத வேலை அது.

வண்டியை விலைக்குக் கேட்டுப் பாப்பாரப்பட்டியிலிருந்து மாது என்பவர் வந்தார். வேனை ஒரு சுற்றுச் சுற்றி, நெளிந்த கதவைத் தட்டினார்.

"ஓடுறதப் பத்தி எனக்குக் கவலையில்லீங்க. நிக்குமா? அதச் சொல்லுங்க."

"வண்டி நிக்கும்ங்க. ஓட்டுனவன்தான் சரியில்ல" என்று அன்பு சாவியை நீட்டினான்.

அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்கக் கலைமதியால் முடியவில்லை. ஜாடியைத் தள்ளிப் பழத்தை எடுத்தாள். வாசலுக்கு வந்து, அன்பு நீட்டிய கையில் சாவிக்குப் பக்கத்தில் அதை வைத்தாள்.

"உங்க கால்மேல தப்பில்ல. பெடலுக்குக் கீழ இது கெடந்துச்சு. இத்தன நாளாச் சொல்லாதது என் தப்பு."

அன்பு பழத்தின் வரிகளைக் கட்டைவிரலால் தடவினான். வேனில் ஏறி, குனிந்து, பெடலின் அடியில் அதை வைத்துப் பார்த்தான். வரியோடு வரி பொருந்தியது. உள்ளேயிருந்து வந்த ஒலி சிரிப்பா அழுகையா என்று மாதுவுக்கு விளங்கவில்லை.

"அப்ப வண்டி குடுக்கறதா இல்லீங்களா?" என்றார். யாரும் தன் பக்கம் திரும்பாததைப் பார்த்துத் தன் டிவிஎஸ்ஸை உதைத்துக் கிளம்பிப் போனார்.

காவேரி கதவு நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். "நான் வெச்சதா?"

"அத்த..." கலைமதி ஓரடி முன்னால் போனாள். எதற்கு இத்தனை நாள் அஞ்சினாளோ, அது இதோ எதிரே நின்றது.

காவேரி வேனின் முன்கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு கேட்டது, கலைமதி எதிர்பார்த்தே இராத கேள்வி.

"வெச்சும் கவுத்துச்சுன்னா... அவரு போனது நான் வெக்காததால இல்லியா?"

அன்பு வேனிலிருந்து இறங்கி வந்தான். "பின்னால வந்தவன் மோதுனான்மா. அதுக்குப் பழம் என்ன பண்ணும்? நீ இத்தன வருசமா அதையா நெனச்சுக்கிட்டு இருக்க?"

அவள் படியிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கணவரின் சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை என்று பிற்பாடு அன்பு சொன்னான். அன்றைக்கு அவள் அழவில்லை, தண்டனையை ஏற்றுக்கொண்டிருந்தாள். இன்றைக்குத்தான் புருஷனை இழந்தவளாக அழுதாள். கலைமதி பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினாள். இழப்பை மட்டுமே கணக்கிட்டுப் பயந்திருந்த அவளுக்கு, அந்த முதுகு கொஞ்சங் கொஞ்சமாகத் தளர்வதைக் கையால் உணர்ந்தபோது வெட்கமாக இருந்தது.

அதே மலைக்கு ஒரு சவாரி வந்தது. காலையில் அன்பு சாவியை எடுத்தான். இருக்கையில் அமர்ந்து, பெடலை நாலைந்து முறை மிதித்துப் பார்த்தான். குனிந்து காலடியையும் பார்த்துக்கொண்டான்.

காவேரி வழக்கம் போல எலுமிச்சம்பழங்களோடு வந்தாள். கலைமதி அவள் கைகளையே பார்த்தாள். சக்கரத்துக்கு ஒன்றாக வைத்த பிறகும் மாமியார் கையில் ஒரு பழம் மிச்சமிருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். அரிவாள்மணைச் சத்தம் கேட்டது. டம்ளரில் கரண்டி சுழலும் சத்தம் கேட்டது. உப்பும் சர்க்கரையும் போட்டுக் கலக்கிய சாறை ஓட்டுநர் சன்னல் வழியாக நீட்டினாள்.

"இதக் குடிச்சிட்டுப் போடா."

"காலங்காத்தால எதுக்கும்மா?"

"பேசாம குடி. வவுத்துல இருந்தா உருளாது."