தறியில் ஏறிய அத்தர்

ஏழாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். குமரேசன் முதலாளியின் கடைப் புத்தகத்தில் என் பெயருக்கு நேராக அந்தத் தொகை ஒரு புதன்கிழமை காலையில் ஏறியது. முதல் நாள் வரை அது மூவாயிரத்து இருநூற்று ஐம்பதுதான். கூரையைப் பிரித்து ஓடு போடுவதற்காக வாங்கிய முன்பணம். மீதி நாலாயிரத்து இருநூறு, நான் நெய்து கொடுத்த ஒரு முகூர்த்தப் பட்டின் விலை. நெய்தவளே அதைக் கட்டி அவிழ்த்துவிட்டாள் என்று சொல்லி என் தலையில் போட்டார்கள்.

காரணம் ஒரு சின்ன அத்தர் புட்டி.

அந்த வருஷம் மார்கழியில் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாளுக்குத் துணையாக ஆற்காடு தர்காவுக்குப் போயிருந்தேன். வேண்டுதல் அவளுடையது, பஸ் செலவு என்னுடையது. வெளியே வந்தபோது அத்தர் விற்கிற பாய் ஒருவர் கண்ணாடிக் குச்சியால் என் மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்தார்.

"மல்லி, ரோஜா மாதிரி நெனச்சிக்காதம்மா. இது ஷமாமா. குளிருக்குப் பூசறது. இப்ப மோக்காத. பஸ்ஸுல போய் மோந்து பாரு."

பஸ்ஸில் மோந்து பார்த்தேன். முதலில் புகை வந்தது. சாம்பிராணி போட்டு முடித்து ஒரு மணி நேரம் கழித்து வீட்டுக்குள் நுழைந்தால் வருமே, அந்தப் புகை. அதற்குப் பின்னால் கிராம்பும் ஏலமும் வந்தன. ஆரணி வந்து இறங்கியபோது அதெல்லாம் அடங்கி, நெருப்பு அணைந்த பிறகும் சூடு விடாத அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு வெதுவெதுப்பு மட்டும் கையில் தங்கியிருந்தது. மறு வாரம் தனியாகவே ஆற்காட்டுக்குப் போய் ஒரு புட்டி வாங்கிவந்தேன். சுண்டுவிரல் உயரம்தான் இருக்கும்.

எங்கள் வீட்டில் அதுவரை வாசனை என்றால் தறிக்குழியின் ஈரமண்ணும், என் வீட்டுக்காரர் தசரதன் சாயப்பட்டறையிலிருந்து உடம்பில் ஏற்றிக்கொண்டு வருகிற பட்டு வெந்த வாடையும்தான். பச்சைப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்தால் எழும்புகிற அந்த வாடை குளித்தாலும் போகாது. அவர் பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் ஜன்னலைத் திறப்பார். அவரோடு ஒரே வீட்டில் இருந்ததால் எனக்கும் அதே மரியாதை கிடைத்தது.

நான் மணிக்கட்டில் பூசிக்கொண்டதை அவர் முதல் நாளே பார்த்துவிட்டார்.

"இன்னாம்மே, சாமிக்கு ஏத்தறத நீ பூசிக்கினு கீற?"

"சாமிக்கு ஏத்தறது புகையாப் போயிடுது. இது என்கூடவே இருக்குதுய்யா."

கிருஷ்ணம்மாள் சும்மா இருப்பாளா? தண்ணீர்க் குழாயடியில் எல்லோரும் கேட்கும்படி, "இன்னா பூங்காவனம், வூட்ல யாருக்கு நிக்கா? பிரியாணி எப்ப?" என்றாள்.

"உன் வூட்டுக்காரருக்குத்தான். பொண்ணு பார்த்தாச்சு" என்றேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் கேட்கவில்லை.

காலையில் தறியில் இறங்கும் முன் இரண்டு மணிக்கட்டிலும் கழுத்திலும் ஒரு தொடு தொட்டுக்கொள்வேன். குறுக்கு நூலை ஓட்டுகிற நாடாவை இழுக்கக் கை போய் வரும்போதெல்லாம் வாசனையும் போய் வரும். இடுப்பு வலி இருந்த இடத்தில் அப்படியேதான் இருந்தது. ஆனால் சாயங்காலம் குழியிலிருந்து ஏறும்போது, நாள் முழுக்க யாரோ என்னைக் கவனித்துக்கொண்டது மாதிரி இருக்கும்.

பட்டு வாசனையைத் திருடும். இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். கருவாடு வறுக்கிற நாளில் தறியை மூடாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. மூடாமல் வறுத்துச் சேலையில் வாடை ஏறி, கூலியில் காசு பிடிக்கப்பட்டவர்கள் உண்டு. ஆனால் மூடுவது கெட்ட வாடைக்குத்தான் என்று நினைத்திருந்தோம். நல்ல வாசனைக்கு யாராவது தறியை மூடுவார்களா? எனக்கும் தோன்றவில்லை.

அப்போது தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த பாவு நூல் மூன்று சேலைக்கானது. அரக்கு உடல், பச்சைக் கரை. முதல் சேலையைத் தை மாதத்தில் அறுத்துக் கொடுத்துவிட்டு இரண்டாவதைப் பாதிக்கு மேல் நெய்திருந்தேன். அந்தப் புதன்கிழமை சரிகை வாங்கக் கடைக்குப் போனேன். கிருஷ்ணம்மாளும் குறுக்கே நெய்கிற ஊடைப் பட்டு வாங்க வந்திருந்தாள்.

கடையில் தேசூரிலிருந்து வந்த அபிதகுசாம்பாள் என்கிற அம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் நான் நெய்த அரக்குச் சேலை. மாசியில் அவர் பெண்ணுக்குக் கல்யாணம்.

"சம்பந்தி வூட்டுப் பொம்பளைங்க எல்லாம் ஒக்காந்துகினு இருக்கும்போது பிரிச்சேங்க" என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "புதுப்பட்டு இப்படியா மணக்கும்? ஊர்வலம் போயிட்டு வந்தவ மாதிரி மணக்குது. எவ கட்டி அவுத்ததுங்க இது? என் பொண்ணு கழுத்துல தாலி ஏறும்போது அடுத்தவ கட்டினதையா கட்டுவா?"

முதலாளி சேலையை வாங்கி மூக்கில் வைத்தார். முகம் மாறியது. என்னைப் பார்த்தார்.

"இது உன் தறிச் சேலைதானே? நீயே பாரு."

மோந்து பார்த்தேன். புகையும் கிராம்பும் ஏலமும் மடிப்புக்குள்ளிருந்து மெதுவாக ஏறி வந்தன. என் வாசனை. அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. சேலையைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினேன். அந்த அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இவ கையிலயே அது மணக்குதுங்க! இவளேதான்!"

முதலாளிக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. "தை பொறந்ததும் தங்கச்சி பொண்ணு கல்யாணம்னு வெம்பாக்கம் போனியே. இதைக் கட்டிக்கினுதான் போனியா?"

"இல்லீங்க மொதலாளி. நூல் சேலைதான் கட்டிக்கினு போனேன்."

"நூல் சேலைக்கு அத்தர் ஒரு கேடா?" என்றபடி புத்தகத்தைத் திறந்து, என் முன்பணத்துக்குக் கீழே நாலாயிரத்து இருநூறை எழுதிக் கூட்டினார்.

ரூபாய் போனால் உழைத்துக் கட்டலாம். ஆனால் முகூர்த்தப் பட்டைக் கட்டிப் பார்த்தவள் என்று ஒருத்தி மேல் பேச்சு வந்துவிட்டால், ஆரணியில் எந்த முதலாளியும் அவளுக்குப் பாவு கொடுக்க மாட்டார். தறி வீட்டில் இருக்கும், நூல் இருக்காது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினேன். மணிக்கட்டு மூக்குக்குப் பக்கத்தில் வந்தது. என்ன காரணமோ, கருவாடு ஞாபகம் வந்தது.

"மொதலாளி" என்றேன். "இதே பாவுல ரெண்டாவது சேலை தறியில கீது. இன்னும் அறுக்கல. தறியில கீற சேலையை யாருங்க கட்ட முடியும்? எல்லாரும் வந்து மோந்து பாருங்க. அதுல இந்த வாசனை வந்துதுன்னா, நெய்யும்போது ஏறினதுதான்."

முதலாளி சிரித்தார். கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

"வரட்டும். அப்படி வந்துதுன்னா சேலைக் காசு மட்டும் இல்ல, உன் பேர்ல கீற மொத்தப் பாக்கியையும் அடிச்சிடறேன். வரலன்னா இன்னைக்கே பாவை அறுத்துக் கொடுத்துட்டு, இனிமே இந்தக் கடைப் படி ஏறக் கூடாது. இன்னா சொல்ற?"

"சரிங்க" என்றேன்.

முதலாளியும் தேசூர் அம்மாளும் முன்னால் போனார்கள். நானும் கிருஷ்ணம்மாளும் பின்னால் போனோம். எங்களுக்குப் பின்னால் வேலையில்லாதவர்கள் கொஞ்சம் பேர். தெரு திரும்பியதும் கருவாடு வறுபடுகிற வாசனை வந்தது. யார் வீட்டிலோ என்று நினைத்தேன். கிட்டே போனதும் தெரிந்தது. என் வீட்டில்தான்.

பட்டறையில் தண்ணீர் இல்லை என்று தசரதன் பாதியில் திரும்பிவந்து, பசிக்கு நெத்திலியைச் சட்டியில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார். புகை கண்ணை எரித்தது. கரண்டியோடு வெளியே எட்டிப் பார்த்தவர் கூட்டத்தைக் கண்டு மிரண்டார்.

"இன்னாம்மே இவ்ளோ பேரைக் கூட்டிக்கினு வந்துட்ட? சோறு பத்தாது."

"யோவ், தறியை மூடினியா இல்லியா?"

"மூடாம வறுப்பனா? போர்வை போட்டு, அதுக்கு மேல பாலிதீன் ஷீட்டும் போட்டுத்தான் கீறேன். இன்னா இப்போ?"

அவரை அங்கேயே கட்டிப்பிடித்திருப்பேன். முதலாளி நின்றதால் விட்டேன்.

பாலிதீனையும் போர்வையையும் எடுத்தேன். தேசூர் அம்மாள் முந்தானையால் மூக்கை மூடியபடி வந்து குனிந்தார். நிமிர்ந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"மீன் வாடைதாங்க வருது. வேற ஒண்ணும் தெரியல."

"அவ்ளோதான். ஜல்தி பாவை அறு" என்றார் முதலாளி.

"கொஞ்சம் இருங்க. நீங்க மோந்தது மேல கீறது."

நெய்த சேலை தறியில் விரிந்து கிடக்காது. நெய்ய நெய்ய மடிக்கு முன்னால் இருக்கிற படமரத்தில் சுற்றிக்கொண்டே போகும். நான் குழியில் இறங்கி, மரத்தின் பிடியைத் தளர்த்தி, சுற்றுச் சுற்றாகப் பிரித்து மடியில் போட்டேன். மூன்றாவது சுற்றிலோ நாலாவது சுற்றிலோ அது வந்தது. முதலில் புகை. கருவாட்டுப் புகைக்கு நடுவே வேறு ஒரு புகை, அவசரமில்லாமல், தனக்கு வழிவிடுவார்கள் என்று தெரிந்தவள் கூட்டத்துக்குள் வருவதுபோல் வந்தது. பிறகு கிராம்பு. பிறகு அந்தச் சூடு.

தேசூர் அம்மாள் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தார். கொண்டுவந்திருந்த சேலையை ஒரு முறை மோந்தார், தறிச் சேலையை ஒரு முறை மோந்தார். பிறகு குழி ஓரத்தில் மண்டி போட்டு, என் மடியில் கிடந்த பட்டில் முகத்தையே புதைத்துக்கொண்டார்.

"அடி ஆத்தே" என்றார் உள்ளிருந்தே. "கருவாட்டையே தோக்கடிச்சிட்டுதே!"

தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "முன்னாடியே பூசி வெச்சிருப்பா" என்றார்.

கிருஷ்ணம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எப்பங்க பூசுவா? சேலை திரும்பி வந்தது கடைக்கு வர்ற வரைக்கும் இவளுக்கே தெரியாது. அங்கேர்ந்து நம்ம கூடவேதான வந்தா? அத்தர் எண்ணெயைப் பட்டுல ஊத்தினா கறை நிக்காது? எங்க கறை, காட்டுங்க."

முதலாளி தேடினார். நிஜமாகவே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேடினார். பட்டு அவரைப் பார்த்து மினுங்கியது.

தேசூர் அம்மாள் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார். கொண்டுவந்த சேலையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

"யாரும் கட்டாத சேலைதாங்க. என் பொண்ணு இதைத்தான் கட்டுவா. சம்பந்தி வூட்டுக்கு நான் சொல்லிக்கிறேன்." என் பக்கம் திரும்பி, "கையைப் பிடிச்சிட்டேன், மனசுல வெச்சிக்காத தாயி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் புட்டி எங்க கெடைக்கும்?"

"ஆற்காட்டுலங்க. தர்கா வாசல்ல."

முதலாளி தொண்டையைச் செருமினார். "சரி, சேலைக் காசை விட்டுடறேன். முன்பணம் வேற கணக்கு. அது அப்படியே இருக்கட்டும்."

"மொதலாளி," என்றாள் கிருஷ்ணம்மாள், "மொத்தப் பாக்கியும்னு நீங்க சொன்னப்ப நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். எனக்கு ரெண்டு காதும் நல்லா கீது. நிக்கான்னு கேலி பேசற வாய்தான் இது, ஆனா பொய் பேசாது."

"ஆமாங்க, நானும் கேட்டேன்" என்றார் தேசூர் அம்மாள். கல்யாணத்துக்கு இன்னும் எட்டுச் சேலை எடுக்க வேண்டியவர் அவர். முதலாளிக்கு வேறு வழியில்லை.

கணக்கை அடிக்கக் கடைக்குக் கிளம்பும் முன் உள்ளே போய்ப் புட்டியை எடுத்தேன். இரண்டு மணிக்கட்டிலும் தொட்டேன், கழுத்திலும் தொட்டேன். தசரதனை அழைத்து அவர் சட்டைக் காலரிலும் தேய்த்துவிட்டேன். "எனக்கு எதுக்கும்மே, பேஜாரு" என்று நெளிந்தாரே தவிர விலகவில்லை. கடைக்குத் திரும்பும்போது நான் முன்னால் நடந்தேன். தெருவின் ஓரத்தில் அல்ல, நடுவில். கிருஷ்ணம்மாள் வேகமாக வந்து என் கையைத் தூக்கி மோந்துவிட்டு, "எனக்கும் ஒரு சொட்டு வெய்யிடி" என்றாள்.

"இனிமே தறியில ஒக்காரும்போது இது வேணாம்" என்றார் முதலாளி, கடையில் புத்தகத்தைத் திறந்தபடி.

"குழியில எறங்கும்போது பூச மாட்டேங்க. குழியை விட்டு ஏறினதும் பூசுவேன். கடைக்கு வரும்போதும் பூசுவேன்."

அவர் பேனாவை எடுத்தார். இரண்டு தொகைகளின் மேலும் குறுக்கே கோடு போட்டு, கீழே என்னவோ எழுதிப் புத்தகத்தை மூடப் போனார். நான் கையை வைத்துத் தடுத்தேன். அறிவொளி வகுப்பில் அரிக்கேன் விளக்கில் எழுத்து கற்றவள் நான். இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கூட்டிக் கூட்டிச் சத்தமாகப் படித்தேன்.

"பூங்-கா-வ-னம். பாக்-கி இல்-லை."

சரியாகத்தான் இருந்தது.

"கீழ ஒரு கையெழுத்தும் போட்டுடுங்க மொதலாளி" என்றேன்.

போட்டார்.