பொறுமை பற்றி ஒரு பக்கம்

1

இந்தக் கதை ஒரு கடிதத்தில் பிறந்தது. பழைய வண்டிகள் சங்கத்தின் செயலாளர் நேற்று எழுதியிருந்தார்: “தங்கள் கணவர் மோட்டார் சைக்கிள் என்ஜினை வீட்டிலேயே பிரித்துப் புதுப்பித்த மாதங்களில், ஒரு மனைவியாகத் தாங்கள் காட்டிய பொறுமை பற்றி எங்கள் ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுகிறோம்.”

என்ஜினைப் பிரித்தது நான். பூட்டியதும் நான்.

இதில் மர்மம் எதுவும் கிடையாது. ஆனால் ‘நான்’ என்று எழுதினால் புலம்புகிறாள் என்பார்கள். ‘அவள்’ என்று எழுதினால் உட்கார்ந்து படிப்பார்கள். ஆகவே, அவள்.

2

துருவின் மணத்தோடு விடிந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை—

வேண்டாம்.

சிறு வயதிலிருந்தே அவளுக்கு இயந்திரங்கள் மீது தீராத—

பச்சைப் பொய். சிறு வயதில் அவளுக்கு சைக்கிள் ஓட்டவே பயம்.

சரி, இப்படி: அவள் பொய்ப்பல் செய்பவள். பதினெட்டு வருடமாகப் பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளுக்குப் பல் கட்டித் தருகிறாள். ஒரு தாள் கனம் உயர்ந்தாலும் போட்டுக்கொண்டவர் மறுநாளே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவார். அப்படிப் பழகிய கை, பழைய இரும்புக் கடையில் உடைந்த கேட்டுகளுக்கு நடுவே சாய்ந்து கிடந்த ஒரு ஒற்றை சிலிண்டர் வண்டியைத் தொட்டது. கிக்கரை மிதித்தாள். அசையவில்லை. உள்ளே பிஸ்டன் துருப்பிடித்து சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது.

“குப்பையை வீட்டுக்குக் கொண்டு வந்துட்டியே” என்றார் கணவர்.

“குப்பை இல்லைங்க. வாயைத் திறக்க மாட்டேங்குது, அவ்வளவுதான்.”

3

இரண்டு வாரம் டீசல் ஊற்றி ஊறவைத்து, பிஸ்டன் தலையில் மரக்கட்டையை வைத்துத் தட்டினாள். அது ஒரு விரற்கடை நகர்ந்த அன்று சமையலறையில் தனியாக நின்று கத்தினாள். என்ஜினின் அடிக்கூட்டில் ஒரு போல்ட் பாதியில் முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. பொய்ப்பல்லைச் செதுக்கும் சின்ன ட்ரில்லால், பதினோரு சாயங்காலம், பொடிப்பொடியாக அதை வெளியே எடுத்தாள். புது பேரிங் கூட்டில் இறங்க மறுத்தது. அடித்து இறக்கினால் கூடு விரிசல் விட்டுவிடும். பேரிங்கை ஃப்ரீஸரில் வைத்தாள். அலுமினியக் கூட்டை அவனில் வைத்துச் சூடாக்கினாள். இது சுருங்க, அது விரிய, பேரிங் தானாகவே ‘டொக்’கென்று உட்கார்ந்தது.

[அவன் என்பது இங்கே அடுப்பு. கணவரை ‘அவர்’ என்றுதான் எழுதுகிறேன். ‘அவன்’ என்று வந்துவிட்ட இடங்களை அடித்துவிட்டேன். மூன்று இடம்.]

அந்த மாதங்களில் அவர் என்ன செய்தார்? நியாயமாகச் சொல்ல வேண்டும். டீ போட்டுத் தந்தார். இரண்டு முறை டார்ச் பிடித்தார். “இன்னும் முடியலையா?” என்று பல முறை கேட்டார். இந்தப் பாத்திரத்தில்தான் நான் திணறுகிறேன். கெட்டவராக எழுதிவிட்டால் வேலை சுலபம். அவர் கெட்டவர் இல்லை. காப்பீட்டு நிறுவனத்தில் இருப்பவர், நன்றாகப் பேசுவார். அந்தப் பேச்சுதான்—

4

சங்கம் நடத்திய பழைய வண்டிக் கண்காட்சி மைதானத்தில், போட்டிப் படிவத்தில் ‘புதுப்பித்தவர்’ என்ற இடத்தில் கணவர் தன் பெயரை எழுதியதை அவள் பார்த்தாள். ஒரு வரிதானே என்று விட்டுவிட்டாள். (அந்த இடத்தில் அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது எனக்கு.)

வெள்ளைத் தொப்பி போட்ட நடுவர் நேராகக் கணவரிடம் வந்தார். “பேரிங்கை எப்படி சார் இறக்குனீங்க? அழுத்தி இறக்குற ப்ரெஸ் மெஷின் ஏதாவது வெச்சிருக்கீங்களா?”

அவள் வாயைத் திறப்பதற்குள், “அதுவா சார்! பேரிங்கை ஃப்ரீஸர்ல வெச்சேன், கூட்டை அவன்ல வெச்சேன். டொக்குன்னு உக்காந்துச்சு பாருங்க!” என்றார் கணவர்.

அந்த ‘டொக்’கூட அவளுடையது. அந்த அடுப்பின் குமிழை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

“ஸ்டார்ட் பண்ணுங்க, கேப்போம்.”

கணவர் ஏழு முறை மிதித்தார். எட்டாவது முறை கிக்கர் திருப்பி அடித்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினார். அவள் போனாள். பெட்ரோல் கசியும்வரை கார்புரேட்டர் பொத்தானை அழுத்தினாள். தீப்பொறியைத் தாமதப்படுத்தும் லீவரைத் தள்ளினாள். பிஸ்டன் முட்டி நிற்கும் இடத்தைக் காலாலேயே தேடி, அதைக் கொஞ்சம் தாண்டவிட்டு, ஒரே மிதி. மைதானமே திரும்பிப் பார்த்தது.

நடுவர் கை தட்டினார். கணவரைப் பார்த்து. “பலே சார்! வீட்டம்மாவுக்கும் சொல்லிக் கொடுத்து வெச்சிருக்கீங்களே!”

கணவர் சிரித்தார். கோப்பை அவர் கைக்குப் போனது.

இந்தப் பத்தியை நான்கு முறை எழுதிவிட்டேன். நான்கு முறையும் அவர் சிரிக்கிறார்.

வீடு வரும் வழியில் கேட்டாள். “‘நான் செய்யல, இவதான் செஞ்சா’ன்னு ஏன் சொல்லல?”

“அத்தனை பேர் முன்னாடி என்னத்தைச் சொல்றது? நீ செஞ்சா என்ன, நான் செஞ்சா என்ன? நம்ம வண்டிதானே!”

“அப்ப நீங்க செய்ங்க.”

5

ஒரு முடிவு: அவள் சங்கத்துக்கு உண்மையை எழுதுகிறாள். மலரின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘திருத்தம்’ வருகிறது. சீ.

இன்னொன்று: கணவர் மேடையேறி மன்னிப்புக் கேட்க, அவள் கண்கலங்கி— எழுதும்போதே கொட்டாவி வந்தது.

நடந்தது வேறு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் என்ஜினை இறக்கினாள். கடைசித் திருகுவரை கழற்றித் துடைத்து, முன்னறையில் விரித்த போர்வையில் பரப்பினாள்.

“பூட்டுங்க.”

முதல் வாரம் அவர் கோபப்பட்டார். இரண்டாம் வாரம் கெஞ்சினார். மூன்றாம் வாரம் போர்வை ஓரத்தில் உட்கார்ந்து, நகமெல்லாம் கரியாக, “இதை நீ எப்படிம்மா செஞ்ச?” என்றார். நடுவர் அவளிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

‘அவள்’ போதும். நான் இப்போது அடுத்த அறையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் பிஸ்டனில் வளையம் மாட்டுகிறார். வார்ப்பிரும்பு வளையம். ஓரிடத்தில் வெட்டு விட்டிருக்கும் அதன் வாயை விரித்துத்தான் நுழைக்க வேண்டும். மயிரிழை கூடுதலாக விரித்தால் முறிந்துவிடும். இந்த அளவில் ஒன்று தேடிப் பிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது.

“இது எவ்வளவு விரியும்?” குரல் வருகிறது.

சொன்னால் வளையம் பிழைக்கும். நாளைக்கு யாராவது கேட்டால் “நான்தான் மாட்டினேன்” என்பார். அது பொய்யாகக்கூட இருக்காது. சொல்லாவிட்டால் முறியப்போவது என் நான்கு மாதம்.

“என்னம்மா, இருக்கியா? விரிக்கட்டுமா?”

நீங்களாக இருந்தால் எழுந்து போவீர்களா? யோசித்துச் சொல்ல நேரமில்லை. விரிக்க ஆரம்பித்துவிட்டார்.