களமும் சேர்த்துத்தான்

விடிவதற்கு முன்பே பாண்டீஸ்வரியின் கைகள் பிளீச்சிங் தொட்டிக்குள் இருந்தன. பேண்டேஜ் துணியை அலசிப் பிழிந்து தோளில் போட்டால் ஈரப் பாரம் இடுப்பு வரை இறங்கும். நெடி கண்ணைக் கரிக்கும். விரல் நுனியில் தோல் உரியத் தொடங்கி வருஷம் நாலாகிறது. ராஜபாளையத்து மில்லொன்றைப் பூட்டி இவர்களைத் தெருவில் விட்டபோது, பதினோரு பேர் சேர்ந்து வாடகைக்குப் பிடித்த கொட்டகை இது. இங்கே யாருக்கும் யாரும் முதலாளி இல்லை.

துணியைச் சுமந்து பின்பக்கக் களத்துக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். துணி காயப்போடும் கொடிக்கம்பங்கள் அத்தனையும் பிடுங்கப்பட்டுக் கிடந்தன. கம்பிகளைக் காணோம்.

"நாசமாப் போவ!" என்று வாய்விட்டுக் கத்தினாள்.

கத்தாமல் என்ன செய்வாள்? சாயங்காலம் ஆஸ்பத்திரிச் சரக்குக்கு வண்டி வந்துவிடும். ஈரத்துணி கிடந்தால் பூசணம் பூக்கும். ஆர்டர் போய்விட்டால் யாரும் காலி செய்யச் சொல்ல வேண்டாம், இவர்களே பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். இடத்தைப் புதிதாக வாங்கிய நவநீதகிருஷ்ணனின் திட்டமும் அதுதான். கல்யாண மண்டபம் கட்டப்போகிறாராம். இவர்களைக் காலி செய்யச் சொல்லி அவர் போட்ட வழக்குக்குத் திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வாய்தா. அதற்குள் காரியத்தை முடிக்கப் பார்க்கிறார், மகராசன்!

ஏழு மணிக்குக் காரில் வந்து இறங்கினார்.

"உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்லுதேன். இந்த நெடியில நெஞ்சு கெட்டுப்போவும். வேற இடம் பாத்துக்கிடுங்க."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுவுதாக்கும்!" என்றாள் பாண்டீஸ்வரி. "ஒம்பது வருசத்துக்கு ஒப்பந்தம் இருக்கு மொதலாளி. இன்னும் அஞ்சு வருசம் கிடக்கு. கொட்டகை மட்டுமில்ல, களமும் சேத்துத்தான்."

"அது பழைய ஓனர் எழுதிக் குடுத்தது. நான் எதுலயும் கையெழுத்துப் போடலையே."

ஹெப்சிபா முன்னால் வந்தாள். பதினோரு பேரில் எழுத்து வேலை பார்ப்பவள் அவள்தான். பத்திர நகலைப் பாலித்தீன் பையில் போட்டு எந்நேரமும் கூடவே வைத்திருப்பாள்.

"ரிஜிஸ்டர் பண்ணுன பத்திரம் சார். வில்லங்கம் போட்டுப் பாக்காமயா இடத்தை வாங்குனிய? அதுலயே எங்க ஒப்பந்தம் இருக்கு. இடத்தை வாங்கும்போதே அதையும் சேத்துத்தான் வாங்கியிருக்கிய."

"அதக் கோர்ட்டுல போய்ச் சொல்லு. இன்னைக்குத் துணிய எதுல காயப்போடுதியன்னு நானும் பாக்குதேன்."

பாண்டீஸ்வரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு துணியின் முனையைக் கூட்டாளி இசக்கியம்மாள் கையில் திணித்துவிட்டு, மறுமுனையைப் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்தாள். நீளத் துணி நடுவில் தொய்ந்தது. யாரும் சொல்லாமலே இன்னும் இருவர் ஓடிவந்து தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். அடுத்த துணி விரிந்தது. மூன்றாவதும் விரிந்தது. நாலாவதுக்கு ஆள் பற்றவில்லை.

முன்பக்க டயர் கடை மாரிசாமி பார்த்துக்கொண்டே நின்றான். அவனும் பழைய ஓனரின் வாடகைக்காரன்தான். ஆனால் எல்லாம் வாய்ப்பேச்சு, பத்திரம் கிடையாது. அந்தப் பயத்தில் இத்தனை நாளும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. முதலாளியைப் பார்த்தான். துணியைப் பார்த்தான். விறுவிறுவென்று களத்துக்குள் வந்தான்.

"எனக்குக் காயிதம் இல்லக்கா. வரலாமா?"

"ஏலே, மொதல்ல கையக் கழுவிட்டு வா. கிரீஸ் பட்டா எவன் வாங்குவான்?"

சோப்புத்தூள் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவி, நாலாவது துணியின் முனையைப் பிடித்தான். குழாயடியில் பக்கத்து வெல்டிங் பட்டறை ஆட்கள் ஆறு பேர் கை கழுவ வரிசையில் நின்றார்கள்.

"எம்புட்டு நேரம் இப்படி நிப்பிய?" நவநீதகிருஷ்ணனின் குரல் இறங்கியிருந்தது.

"காயுற வரைக்கும்."

தோள் கடுத்தது. வெயில் இப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது.

"ஏட்டி ஹெப்சிபா, ஆளு வந்தாச்சு. அடுத்த துணிய எடுத்தா!" என்றாள் பாண்டீஸ்வரி.