பக்கம் புரட்டியவர்

அண்ணிக்கு அந்தப் பியானோக்காரர் என்றால் உயிர். பெருநகரத்தில் சனிக்கிழமை மாலை அவர் வாசிக்கிறார் என்று தெரிந்ததும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "உங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போனா உக்காந்ததும் தூங்கிடுவாரு. நீ வா" என்று நாத்தனாரைக் கையோடு கிளப்பிவிட்டாள்.

நாத்தனாருக்கு இசையில் அரிச்சுவடிகூடத் தெரியாது. பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறாள். எதைப் பார்த்தாலும் நோண்டி நோண்டிக் கேட்பதால் வீட்டில் அவளுக்குத் துருவி என்றே பெயர் விழுந்துவிட்டது. ரயில் கிளம்பியதுமே ஆரம்பித்தாள்.

"பியானோவை அவரே கொண்டுவருவாரா அண்ணி, இல்ல அங்கயே கிடக்குமா?"

"அங்கயே இருக்கும்."

"அப்ப அதுக்கு முன்னாடி வேற யாரோ தட்டினதா?"

"தட்டினதுன்னு சொல்லாதடி. வாசிச்சது."

நகரத்தில் இறங்கியதும் இருவருக்கும் கால் தரையில் பாவவில்லை. பாதாள ரயிலில் இடி வாங்கி, தப்பான வாசலில் ஏறி, மறுபடி இறங்கி, ஒருவழியாக விடுதி அறையைக் கண்டுபிடித்தார்கள். ஒருத்தி கட்டிலில் ஏறினால்தான் மற்றவள் பெட்டியைத் திறக்க முடியும் என்கிற அளவில் அறை. முகத்தைக் கழுவி, புடவை மாற்றி, அரக்கப்பரக்க அரங்கத்துக்கு ஓடினார்கள்.

இருக்கைகள் இடது பக்கம். பியானோக்காரரின் விரல்கள் நன்றாகத் தெரியும் இடம். கைதட்டலுக்கு நடுவே அவர் மேடையேறினார். அவர் பின்னாலேயே கறுப்பு உடுப்பில், நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய ஒரு பெண்மணி வந்து, சற்றுத் தள்ளியிருந்த நாற்காலியில் சத்தமில்லாமல் உட்கார்ந்தார். கைதட்டல் தனக்கில்லை என்பதுபோலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது யாரு?"

"அவரோட இசைத்தாள்ல பக்கம் புரட்டுறவங்க. பேசாம இரு."

துருவிக்கு அதற்குப் பிறகு வேறெதுவும் கண்ணில் படவில்லை. மருத்துவர் கையை நீட்டினால் அதில் என்ன வைக்க வேண்டும் என்று கேட்காமலே வைப்பது அவள் பிழைப்பு. அந்தப் பெண்மணி செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். பியானோக்காரர் லேசாகத் தலையாட்டுவார். பெண்மணி எழுந்து, தாளின் மேல்மூலையை இரண்டு விரலால் பிடித்து, அவர் பார்வையை மறைக்காமல் புரட்டிவிட்டு உட்காருவார். துணி சரசரக்கும் ஓசைகூட இல்லை.

ஓரிடத்தில் மட்டும் அது நடக்கவில்லை. அவர் தலையாட்டினார், பெண்மணி எழவில்லை. இன்னொரு முறை அழுத்தமாக ஆட்டினார். பெண்மணி மடியில் கைவைத்தபடி சிலையாக இருந்தார். பியானோக்காரரின் தோள் ஒரு கணம் விறைத்தது. பிறகு வாசிப்பு தொடர்ந்தது.

வெளியே வந்தபோது அண்ணியின் கண்கள் சிவந்திருந்தன. "அந்த இடத்தைத் திரும்ப ரெண்டாவது தடவை வாசிச்சாரே... நெஞ்சைப் பிசைஞ்சு எடுத்துட்டாரு."

"அங்கதான் அண்ணி அவர் தலையாட்டினாரு, அந்தம்மா எந்திரிக்கல."

"உனக்குப் பிரமை."

மறுநாள் மதியம்தான் ரயில். அண்ணி கடைகளைப் பார்க்க ஆசைப்பட்டாள். துருவியோ, அரங்கத்துப் பக்கம் ஒரு எட்டுப் போய்விட்டு வரலாம் என்று பிடித்த பிடியை விடவில்லை. போனால், பின்வாசல் படியில் அதே பெண்மணி, இசைத்தாள் பையை மடியில் வைத்துக்கொண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து பியானோ ஓசை கசிந்தது.

"நேத்து ஒரு இடத்துல நீங்க எந்திரிக்கலையே, ஏன்?" என்று நேராகவே கேட்டுவிட்டாள் துருவி.

பெண்மணி கோப்பையைக் கீழே வைத்தார். "கவனிச்சீங்களா? யாருக்கும் தெரியலன்னு நெனச்சேன்." மடியிலிருந்த பையைத் தட்டினார். "இந்த வேலையில பாட்டைக் கேக்கவே கூடாதுங்க. கண்ணு எழுத்து மேலயே ஓடணும். கேட்டா தொலைஞ்சோம். நேத்து கேட்டுட்டேன்."

"அதனால?"

"அந்தப் பகுதியை ரெண்டு தடவை வாசிக்கணும்னு தாள்ல இருக்கு. ஆனா அவருக்கு மணிக்கட்டு வலி. ஒரு தடவையோட விட்டுட்டு அடுத்த பக்கம் போயிடலாம்னு முன்னாடியே சொல்லிவச்சிருந்தாரு. அவரு தலையாட்டினப்ப நான் இந்த உலகத்துலயே இல்ல. பக்கம் திரும்பல. பாவம், அவரு என்ன பண்ணுவாரு? மறுபடி அந்தப் பகுதியையே முதல்லேருந்து ஆரம்பிச்சுட்டாரு."

அண்ணியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "அப்ப நான் அழுதது?"

"என் தப்பாலதான்."

"திட்டினாரா?"

"திட்டல. அதான் வேலையை விட்டு எடுத்துடுவாரோன்னு பயம். காலையில வாங்கன்னு மட்டும் சொன்னாரு."

ஓசை நின்றது. சற்று நேரத்தில் கதவு திறந்து பியானோக்காரர் வந்தார். பழைய கம்பளிச் சட்டை. வலது மணிக்கட்டில் துணிக்கட்டு. அவரை நேரில் பார்த்தால் பேச வேண்டும் என்று என்னென்னவோ யோசித்து வைத்திருந்த அண்ணி வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. துருவி சும்மா இருப்பாளா?

"சார், நேத்து அந்த இடம் ரெண்டாவது தடவை வந்தப்ப எங்க அண்ணி தேம்பித் தேம்பி அழுதாங்க. உங்களுக்குக் கை ரொம்ப வலிச்சுதா?"

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "முதல் தடவை வலிச்சுது. வலியை மட்டும்தான் கேட்டுட்டு இருந்தேன். ரெண்டாவது தடவை இவங்க மேல வந்த கோவத்துல வலியே மறந்துபோச்சு." பெண்மணியின் பக்கம் திரும்பினார். "அப்பதான் வாசிச்ச மாதிரி இருந்துச்சு. அதைச் சொல்லத்தான் வரச் சொன்னேன். அடுத்த மாசமும் நீங்கதான். ஆனா தயவுசெஞ்சு பாட்டைக் கேக்காதீங்க."

"முயற்சி பண்றேன்" என்றார் பெண்மணி.

"உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று அவர் துருவியைக் கேட்டார்.

"எனக்குத் தெரியாது சார். நான் இந்தம்மாவையேதான் பாத்துட்டு இருந்தேன்."

அண்ணி அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். பியானோக்காரர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

மூச்சிரைக்க ஓடித்தான் ரயிலைப் பிடித்தார்கள். "அவ்வளவு பெரிய மனுஷன் முன்னாடி மானத்தை வாங்கிட்டியேடி" என்று தொடங்கிய அண்ணி, நகரத்து வீடுகள் தீர்ந்து வெட்டவெளி வரும்வரை முகம் கொடுக்கவில்லை. பிறகு மெல்ல ஜன்னலிலிருந்து திரும்பி, காலை மடக்கி, துருவிக்கு எதிராக உட்கார்ந்தாள்.

"நான் கண்ணை மூடிட்டுத்தான் கேட்டேன். அங்க என்ன நடந்துச்சுன்னு முதல்லேருந்து ஒண்ணுவிடாம சொல்லு."

துருவிக்கு அது போதாதா? சொல்ல ஆரம்பித்தாள்.